வெயிலில் காயும் செல்போன்

"கால்குலேட்டர்ல சோலார் இருக்கு. வாட்ச்ல இருக்கு. தெருவிளக்குல இருக்கு. செல்போன்ல மட்டும் ஏன் தாத்தா இல்ல?"

எங்கள் ஃப்ளாட்டில் ஒன்பதாவது படிக்கும் பையன் லிஃப்ட்டில் வைத்துக் கேட்டான். மூன்றாவது மாடிக்கும் தரைத் தளத்துக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. "பசி" என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். "எனக்கா?" என்றான். "போனுக்கு" என்று சொல்வதற்குள் கதவு திறந்துவிட்டது. மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். மிச்சத்தை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் கால்குலேட்டர். 1970-களின் பிற்பாதியில் ஜப்பான்காரர்கள் அதன் நெற்றியில் கறுப்பாக ஒரு பட்டையை ஒட்டினார்கள். நம் ஊர் மளிகைக் கடை கல்லாவரை வந்து சேர்ந்தது. அந்தப் பட்டையை விரலால் மூடினால் எண்கள் மெல்ல மயக்கம் போடும், எடுத்தால் எழுந்து உட்காரும். சின்ன வயசில் இதைச் செய்து பார்க்காதவர்கள் கை தூக்கவும். அது சாப்பிடுவது மைக்ரோவாட் கணக்கில்தான். ஒரு வாட்டைப் பத்து லட்சம் பங்காக வெட்டி, அதில் சில பங்கு. அதன் திரை தானாக ஒளிர்வதில்லை. மேலே விழுகிற வெளிச்சத்தை மறித்துக் காட்டுகிறது, அவ்வளவே. நீங்கள் ஏழையும் எட்டையும் பெருக்கச் சொல்லும்வரை உள்ளே இருக்கும் சில்லு ஏறத்தாழத் தூங்குகிறது. ட்யூப்லைட் வெளிச்சமே அதற்கு விருந்துச் சாப்பாடு.

இனி போன். ஒரு சின்னக் கணக்கு போடலாம். கணக்கு என்றால் அலர்ஜி என்பவர்கள் மூன்று பத்தி தாண்டிக் குதித்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உச்சி வெயிலில், சூரியனை நேருக்கு நேர் பார்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 1,000 வாட் விழுகிறது. ஒரு அயர்ன் பாக்ஸ் ஓட்டலாம். உங்கள் போனின் முதுகு என்ன அளவு? ஏழு சென்டிமீட்டருக்குப் பதினைந்து. அதன் பங்குக்கு வருவது பத்து வாட் சொச்சம். நல்ல சோலார் தகடு வந்ததில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றித் தரும். மிச்சம் சூடாகிப் போய்விடும். ஆக, கைக்குக் கிடைப்பது இரண்டு வாட். விஞ்ஞானம் முன்னேறினால் இது பத்து வாட் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. சாதாரண ஒற்றை அடுக்கு செல்லில் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேறாது என்று 1961-லேயே ஷாக்லியும் குவைசரும் கணக்குப் போட்டு எல்லை கட்டிவிட்டார்கள். (ஷாக்லி, டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசு வாங்கிய அதே ஷாக்லி.)

இப்போதைய போன்களில் பேட்டரி சாதாரணமாக 5,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும். வாட் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 19 வாட் மணி. இரண்டு வாட் வீதம் ரொப்ப ஒன்பதரை மணி நேர உச்சி வெயில் வேண்டும். நம் ஊர் எவ்வளவு வெயிலூராக இருந்தாலும் காலை வெயில், சாயங்கால வெயில் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் நாளைக்கு ஐந்து மணி நேர உச்சி வெயிலுக்குத்தான் சமம். எனவே போனை மொட்டை மாடியில் வடாம் மாதிரி குப்புறப் போட்டு இரண்டு நாள் காயவைக்க வேண்டும். நடுவில் யாரும் தொடக் கூடாது. வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வாட்ஸப் பார்க்க ஆரம்பித்தால் அதுவே ஒன்றரை, இரண்டு வாட் தின்றுவிடும். வரவு எட்டணா, செலவு எட்டணா.

வீட்டுக்குள் வந்தால் இன்னும் மோசம். நல்ல வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ். நம் ட்யூப்லைட் ஹாலில் முந்நூறு, நானூறு லக்ஸ் இருந்தால் அதிகம். நம் கண் கெட்டிக்காரக் கண், இரண்டுக்கும் ஏற்றபடி சுருங்கி விரிந்து வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொள்கிறது. சோலார் தகட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இரண்டு வாட் தந்த அதே தகடு ஹாலில் சில மில்லிவாட்தான் தரும். போன் சும்மா மேஜையில் படுத்திருக்கும்போதே, டவரைக் கூப்பிட்டு "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்க, அதைவிடப் பல மடங்கு செலவு செய்கிறது.

கணக்கு முடிந்தது. குதித்தவர்கள் இங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம்.

இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாதா? தெரிந்தே செய்து பார்த்தார்கள். 2009-ஆம் வருஷத்தை சோலார் போன்களின் வருஷம் என்றே சொல்லலாம். பிப்ரவரியில் பார்சிலோனா கண்காட்சியில் சாம்சங் ‘ப்ளூ எர்த்’ என்று ஒன்றைக் காட்டியது. முதுகு முழுக்க சோலார். ஜப்பானில் ஷார்ப் ஒரு மடக்கு போன் விற்றது. பத்து நிமிஷம் வெயில் காட்டினால் ஒரு நிமிஷம் பேசலாம் என்றார்கள். அதே வருஷம் ஜூனில் நம் நாட்டுக்கென்றே ஒரு போன் வந்தது. பெயர் ‘சோலார் குரு’. விலை 2,799 ரூபாய். கரன்ட் இல்லாத கிராமங்களும் கரன்ட் இருந்தும் இல்லாத ஊர்களும் அதற்கு இலக்கு. தமிழ்நாட்டில் அப்போது மின்வெட்டு ஆரம்பித்திருந்த சமயம், ஞாபகம் இருக்கும். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் ஐந்திலிருந்து பத்து நிமிஷம் பேசலாம் என்று கம்பெனியே சொன்னது. மிகைப்படுத்தாத விளம்பரம். என்னைக் கேட்டால் அதற்காகவே ஒரு பரிசு தரலாம்.

நோக்கியா இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு சாதாரண போனின் பின்மூடியில் சோலார் தகடு பதித்து ஐந்து பேரிடம் கொடுத்து, பல மாதம் பயன்படுத்தச் சொன்னது. ஒருவர் ஆர்க்டிக் வட்டத்தில், ஒருவர் தெற்கு ஸ்வீடனில், இரண்டு பேர் கென்யாவில், ஒருவர் பால்டிக் கடலில் பாய்மரப் படகில். 2011-ல் முடிவைச் சொன்னார்கள். போனை உயிரோடு வைத்திருக்கிற அளவுக்கு வெயில் கிடைக்கிறது. பேசுவதற்குக் கொஞ்சமே கொஞ்சம்தான் மிஞ்சுகிறது. கொள்கைக்காக ஒரு பொருளை விற்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுக் கடையைக் கட்டினார்கள்.

போனை உயிரோடு வைத்திருக்கலாம், பேச முடியாது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் தள்ளி உபயோகப்படும்.

தோற்றதற்கு வெறும் வாட் கணக்கு மட்டும் காரணமில்லை. இன்னொரு குடும்பச் சண்டையும் உண்டு. சோலார் தகட்டுக்கு வெயில் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவாக அதன் விளைச்சல் குறைகிறது. லித்தியம் பேட்டரிக்கோ வெயிலும் ஆகாது, சூடும் ஆகாது. 45 டிகிரி தாண்டினால் அதற்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. ஏற்றினால் ஆயுள் குறையும். அதனால் நல்ல போன்கள் தாமாகவே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். சித்திரை வெயிலில் கறுப்பு போன் ஒன்றைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கால் மணி கழித்துத் தொட்டுப் பாருங்கள். வேண்டாம், தொட வேண்டாம். ஆக, ஒரே முதுகில் முன்னால் சோலார், பின்னால் பேட்டரி என்று ஒட்டிவைப்பது, மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பில் சமைக்கச் சொல்வது மாதிரி. இரண்டும் அவரவர் இடத்தில் தங்கம்.

மூன்றாவது காரணம் ரொம்ப எளிது. போன் இருக்குமிடம் சட்டைப் பை. சட்டைப் பையில் சூரியன் உதிப்பதில்லை.

* * *

நான் தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். அந்தப் பாசத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சோலார் செல் பிறந்ததே டெலிபோனுக்காகத்தான். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டேரில் சேப்பின் என்கிற இன்ஜினீயருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில், வெகு தூரத்து டெலிபோன் கருவிகளுக்கு வைத்த பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போய்க்கொண்டிருந்தன. மாற்று வழி தேடு என்றார்கள். சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் சேர்ந்து சிலிக்கனில் செய்த சோலார் செல்லை 1954 ஏப்ரல் 25-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். ஒரு பொம்மை ராட்டினம் அதில் சுற்றியது. விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரமானது. அதற்கே பத்திரிகைகள் குதித்தன.

மறு வருஷம், 1955 அக்டோபரில், ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்கிற சின்ன ஊரில் ஒரு கிராமத்து டெலிபோன் லைனுக்கு இந்த செல்லை இணைத்துப் பரீட்சை பார்த்தார்கள். தகட்டை எங்கே வைத்தார்கள் தெரியுமா? கம்பத்தின் உச்சியில். டெலிபோன் பாட்டுக்கு வீட்டுக்குள் நிழலில் இருந்தது. முதல் நாளிலேயே சரியான இடத்தில் வைத்துவிட்டு, அரை நூற்றாண்டு கழித்து அதை இறக்கி போனின் முதுகில் ஒட்டிப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் இலாகாவிலும் தொண்ணூறுகளில் சில கிராமங்களுக்கு ரேடியோவில் இயங்கும் பொதுத் தொலைபேசி வைத்தோம். கம்பி கிடையாது. கூரை மேல் ஏரியல், பக்கத்தில் சோலார் தகடு, கீழே பேட்டரி. ஒரு ஊரிலிருந்து, "போன் செத்துப்போச்சு சார்" என்று தகவல் வந்தது. நாற்பது கிலோமீட்டர் ஜீப்பில் குலுங்கிப் போய்ப் பார்த்தால் ஏரியல் இருக்கிறது, தகட்டைக் காணோம். களவு போய்விட்டது என்றே நினைத்தோம். ஏணி வைத்து ஏறினால், இருந்தது. வீட்டுக்காரர் பூசணிக் கொடியைக் கூரையில் ஏற்றிவிட்டிருந்தார். தகட்டின் மேல் அழகாக மஞ்சள் பூ. "இந்தாண்டதானே சார் போயிருக்கு, பாதி தெரியுதே" என்றார். பாதி தெரிந்தால் பாதி கரன்ட் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தகட்டுக்குள் செல்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகக் கோத்திருக்கும். ஒரு பெட்டி தடம் புரண்டால் மொத்த ரயிலும் நிற்கிறதல்லவா, அந்தக் கதைதான். ஒரு செல் மேல் முழுசாக நிழல் விழுந்தால் அந்த வரிசையே முடங்கிவிடும். போன் முதுகில் சோலார் வைத்தால், பிடிக்கிற நான்கு விரலும் நான்கு பூசணி இலை.

* * *

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. என் அத்தை வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அப்போது எழுபத்தாறு வயசு. பிரஷருக்கு ஒன்று, சுகருக்கு இரண்டு என்று மாத்திரைகள். மகன் துபாயில். அத்தை கையில் இருந்தது ஒரு பட்டன் போன். வியாழக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, "காத்து சத்தம் ஒரு மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. நூறு தடவை கேட்டிருப்பேன். அந்தக் குரல் மீது இன்றுவரை எனக்குக் கோபம். துபாயிலிருந்து மகன் மணிக்கொரு தரம் கூப்பிடுவான். "ஏதாவது தெரிஞ்சுதா மாமா?" தெரிந்தது, டி.வி.யில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்திருந்தன. தென்னந்தோப்புகள் சீப்பை உடைத்துப் போட்ட மாதிரி கிடந்தன. தஞ்சாவூரிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் பைக்கில் கிளம்பி, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டிப் போய், பாதி வழியில் பெட்ரோல் கிடைக்காமல் திரும்பிவிட்டான். சனி. ஞாயிறு. திங்கள். மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கும் என்று துபாயும் நானும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

செவ்வாய் சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"நான்தாண்டா. இருக்கேன். ஓடு போயிடுச்சு. மாடு இருக்கு. மாத்திரை நாளையோட சரி. அவனுக்குச் சொல்லிடு. வச்சிடறேன், பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

நாற்பது செகண்ட். பதில் சொல்லக்கூட எனக்கு இடமில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர் மூலம் மாத்திரை போய்ச் சேர்ந்தது.

அந்த நாற்பது செகண்ட் எப்படி வந்தது என்பதை டிசம்பரில் நேரில் போனபோதுதான் தெரிந்துகொண்டேன். அத்தையின் தெருக் கோடியில் ஒரு பசுமை வீடு. 2011-ல் ஆரம்பித்த அரசுத் திட்டத்தில் கட்டிக்கொடுத்தது. முந்நூறு சதுர அடி, ஐந்து சோலார் விளக்கு. தளம் போட்ட வீடாகையால் நின்றுவிட்டது. கூரையில் இருந்த தகடும் எப்படியோ தப்பிவிட்டது. அந்த வீட்டுப் பையன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவன். விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, யாரோ கொடுத்த கார் சார்ஜர் ஒன்றை பேட்டரியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டான். புயல் போனதும் இரண்டு நாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்ததாம். டவர் நாலாம் நாள்தான் ஜெனரேட்டரில் உயிர் வந்தது, அதுவும் வாய்க்கால் மதகு மேல் ஏறி நின்றால் மட்டும். அதுவரை வந்த வெயிலை அவன் வீணாக்காமல் பேட்டரியில் சேர்த்து வைத்திருந்தான். டவர் இல்லாதபோது போனுக்கு சார்ஜ் போட்டு என்ன பண்ண என்று தடுத்துவிட்டானாம்.

டவர் வந்ததும் வரிசை. வரிசைக்கு அவன் ஒரு சட்டம் வைத்தான். பட்டன் போன் முதலில். டச் போன்காரர்கள் போனைத் திண்ணையில் வைத்துவிட்டு சிம்மை மட்டும் கழற்றிக்கொண்டு வர வேண்டும். கேட்டேன், ஏன் அப்படி என்று.

"டச் போனை ஆன் பண்றதுக்கே ஏத்தினதெல்லாம் போயிடும் சார். ஆனதும் அது பாட்டுக்கு எதையாவது டவுன்லோடு பண்ண ஆரம்பிச்சிடும். பட்டன் போன்ல பத்து நிமிஷம் ஏத்தினா வரிசையா பத்துப் பேர் பேசிடலாம்."

புது சிம் சின்னது, பழைய போனில் பள்ளம் பெரியது. காலண்டர் அட்டையை வெட்டி அதற்கு அணை கொடுத்திருந்தான். நோக்கியா ஐந்து பேரை வைத்துக் கண்டுபிடித்ததையும் நான் மேலே மூச்சு முட்டப் போட்ட கணக்கையும், இந்தப் பையன் காலண்டர் அட்டையும் கையுமாக ஒரே நாளில் போட்டு முடித்திருந்தான். வெயில் வரவு கொஞ்சம்தான். அதைக் கூட்ட முடியாது. சாப்பிடுகிற வாயை மாற்று. எங்கள் இலாகாவில் இந்த மாதிரி இன்ஜினீயர் ஒருவர் எனக்கு மேலே இருந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக வேலை பார்த்திருப்பேன். காசு வாங்கினாயா என்றும் கேட்டேன். "வாங்கல சார். தேங்காய் கொடுத்தாங்க, நிறைய. அப்பதான் எல்லா மரமும் விழுந்து கிடந்துச்சே."

* * *

இதற்கப்புறம் என்னிடம், வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று கேட்டவர்கள் பலர். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சோலார் ஒட்டிய பவர் பாங்க் என்று ஆன்லைனில் வருகிறதே, அதை சோலாருக்காக வாங்காதீர்கள். என் பக்கத்து ஃப்ளாட்காரருக்கு மருமகன் பரிசாக அனுப்பினார். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதாவது 74 வாட் மணி. மேலே ஒட்டியிருந்த தகடு உள்ளங்கை அகலம், சூரியன் தலைக்கு நேராக நின்றால் ஒன்றரை வாட் தரும். சேதாரம் போக, ரொப்புவதற்கு அறுபது மணி நேர உச்சி வெயில். தினம் ஐந்து மணி நேரம் வைத்தால் பன்னிரண்டு நாள். அதுவும் கறுப்பு டப்பா, உள்ளே லித்தியம், வெளியே அக்னி நட்சத்திரம். சுவர் பிளக்கில் சார்ஜ் போட்டு, டார்ச் லைட்டாக வைத்துக்கொள்ளலாம்.

தகடு தனி, பேட்டரி தனி என்று இருப்பதே உத்தமம். பத்துப் பதினைந்து வாட் தகடு போதும். மடக்குகிற மாதிரி கிடைக்கிறது, கண்ணாடிச் சட்டம் போட்டும் கிடைக்கிறது. அட்டையில் 20 வாட் என்று அச்சடித்திருந்தால் நிஜத்தில் பன்னிரண்டு, பதினாலு எதிர்பாருங்கள். தகடு வெயிலில், ஒரு சாதாரண பவர் பாங்க் நிழலில், நடுவே ஒயர். போனை நேராகத் தகட்டில் மாட்டினால், மேகம் ஒன்று கடந்தால் சார்ஜ் நின்று, மறுபடி ஆரம்பிக்கும்போது சில போன்கள் முரண்டு பிடிக்கும். பவர் பாங்க்குக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது, கிடைத்ததை வாங்கிக்கொள்ளும். முதலில் அதற்கு ஏற்றி, ராத்திரி அதிலிருந்து போனுக்கு.

கொஞ்சம் விலை கூடக் கொடுத்தால் ‘எம்.பி.பி.டி.’ என்று ஒரு சமாசாரம் உள்ளே இருக்கும். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். தெருமுனை அடி பம்பு ஞாபகம் இருக்கிறதா? ரொம்ப மெதுவாக அடித்தால் தண்ணீர் வராது. அவசரப்பட்டு அடித்தால் காற்றுதான் வரும். நடுவில் ஒரு தாளம் உண்டு, அதில் அடித்தால் குடம் சீக்கிரம் நிறையும். சோலார் தகடும் அப்படித்தான், அதிகமாக உறிஞ்சினால் வோல்டேஜ் படுத்துவிடும், கம்மியாக உறிஞ்சினால் வெயில் வீண். மேகம் வந்தால் தாளமும் மாறும். அந்தத் தாளத்தை விநாடிக்குப் பல தடவை தேடிப் பிடிக்கிற சின்னச் சில்லுதான் அது.

போன் முதுகு சோலார் ஆசை இன்னும் ஒழியவில்லை. 2025-ல் பார்சிலோனாவில் இன்ஃபினிக்ஸ் கம்பெனி ஒரு மாதிரி போனைக் காட்டியது. சிலிக்கனுக்குப் பதில் பெரோவ்ஸ்கைட் என்கிற புது ரகம், மெல்லியது, மலிவாக வரக்கூடியது. எவ்வளவு தரும் என்கிறார்கள்? அதிகபட்சம் இரண்டு வாட். மேலே நாம் போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள். சூரியன் யாருக்கும் கமிஷன் அடிப்பதில்லை.

நிஜமாகவே ஜெயித்தது வாட்ச்தான். சிட்டிசன் 1976-லேயே முள் வைத்த சோலார் கடிகாரம் செய்துவிட்டது. கார்மின் 2022-ல் கொண்டுவந்த ஒரு ஸ்மார்ட் வாட்ச் ரகத்தில், தினம் மூன்று மணி நேரம் 50,000 லக்ஸ் வெளிச்சத்தில் இருந்தால், சாதாரண உபயோகத்துக்கு சார்ஜரே தேவைப்படாது என்கிறார்கள். ஐரோப்பாக்காரன் அந்த மூன்று மணி நேரத்தைத் தேடிப் பூங்காவில் போய் உட்கார வேண்டும். நம் ஊர் போக்குவரத்துக் காவலருக்கும் கூரியர் பையனுக்கும் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். அந்த வாட்ச்சில் பளபள வண்ணத் திரை கிடையாது, பழைய கால்குலேட்டர் மாதிரி மேலே விழும் வெளிச்சத்திலேயே தெரிகிற திரை. வெயிலுக்கு ஏற்ற வாய்.

அத்தைக்கு 2019 பொங்கலுக்கு ஒரு 20 வாட் தகடும், ஒரு சின்ன பேட்டரிப் பெட்டியும் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். மாட்டியது அதே ஐ.டி.ஐ. பையன். மாட்டுக் கொட்டகைக் கூரையில், நாலு போல்ட்டில், ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகிக் கழற்றுகிற மாதிரி வைத்திருந்தான். "ஏன், காத்துல பறந்துடாதா?" என்றேன். "சாதாரண காத்துக்கு நிக்கும் சார். புயல்னா முன்னாடியே சொல்லிடறாங்கல்ல, கழட்டி உள்ள வச்சிடணும். எத்தனை போல்ட் போட்டாலும் கஜாவுக்கு நிக்காது" என்றான். பட்டன் போன் பேட்டரி நாலு வாட் மணிகூட இல்லை. அந்தத் தகடு ஒரு நல்ல வெயில் நாளில் அந்த மாதிரி பத்துப் போனை ரொப்பும். கரன்ட் போகும்போதெல்லாம் தெருவில் பாதிப் பேர் அத்தை வீட்டுத் திண்ணையில்தான்.

2020 நவம்பரில் நிவர் புயல் வருகிறது என்று டெல்டா முழுக்க எச்சரிக்கை கொடுத்தார்கள். மத்தியானம் அத்தை போன் செய்தார்.

"பேனலைக் கழட்டி நெல்லு குதிர் பக்கத்துல சாத்திட்டேன். பெட்டில நாலு லைட்டும் எரியுது. மாத்திரை ஒரு மாசத்துக்கு இருக்கு. நீயும் அவனும் மாத்தி மாத்திப் போனைப் போட்டு சார்ஜைத் தீக்காதீங்க. நானே கூப்பிடறேன்."

நிவர் வடக்கே ஒதுங்கி, 25-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அத்தை கூப்பிட்டார். பதினெட்டு நிமிஷம் பேசினார்.